தரப்புள்ளிச் சராசரி

பல்கலைக்கழக மாணவரின் தேர்ச்சித் தரத்தைப் பாடங்களின் கிரெடிட் எடையோடு சேர்த்துக் கணக்கிடும் முறை. ஒரு பருவத்துக்குரியது எஸ்ஜிபிஏ அல்லது ஜிபிஏ. எல்லாப் பருவங்களுக்கும் சேர்த்தது சிஜிபிஏ. பல்கலைக்கழக மானியக் குழு பரிந்துரைத்த பத்துப் புள்ளி அளவையில் ‘ஓ’ கிரேடுக்கு 10, ‘ஏ பிளஸ்’ஸுக்கு 9, ‘ஏ’வுக்கு 8 எனப் புள்ளிகள் இறங்கும், வெறும் தேர்ச்சிக்கு 4, தோல்விக்குச் சுழியம். வாரம் ஒரு மணி நேர விரிவுரையோ இரண்டு மணி நேரச் செய்முறையோ ஒரு கிரெடிட்.

புள்ளியைக் கிரெடிட்டால் பெருக்கி, கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். நான்கு கிரெடிட் பாடத்தில் 8, மூன்று கிரெடிட் பாடத்தில் 9, ஒரு கிரெடிட் ஆய்வகத்தில் 10, இரண்டு கிரெடிட் பாடத்தில் அரியர் (தோல்வி, சுழியம்) என்றால் 69 ÷ 10 = 6.9. அந்த அரியரை 6 புள்ளியோடு முடித்தால் சராசரி 8.1 ஆகிவிடும். ஆய்வகத்தில் வாங்கும் ‘ஓ’ கண்ணுக்குத்தான் பெரிது. கணக்கில் அதன் கை சிறியது.

அரியரின் வடு சராசரியோடு மறைவதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் ‘டிஸ்டிங்ஷன்’ முதல் வகுப்புக்கு 8.5 சிஜிபிஏ மட்டும் போதாது; எல்லாத் தாள்களையும் முதல் முயற்சியிலேயே முடித்திருக்க வேண்டும்.

சதவீதமாக்கப் பலரும் பத்தால் பெருக்குகிறார்கள். அது எல்லா இடத்திலும் செல்லாது: அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) அட்டவணைப்படி 6.75 புள்ளிதான் 60 சதவீதம். விண்ணப்பிக்கும் முன் பட்டம் தந்த பல்கலைக்கழகத்தின் விதியைப் பார்ப்பதே முறை.