தலை தட்டி அளந்த கதை

மீட்டர், கிலோகிராம், செகண்ட். பள்ளிக்கூட இயற்பியல் புத்தகத்துல முதல் பாடமே அலகுகள்தான். ரெண்டு மார்க் கேள்வி. மனப்பாடம் பண்ணி எழுதிட்டு நாமளும் மறந்துட்டோம். இந்த மீட்டர் பிறந்ததுக்கு தானியம் அளக்குற தகராறும் ஒரு காரணம்னு அந்தப் பாடத்துல ஒரு வரி இருந்திருந்தா, எங்க பனமரத்துப்பட்டிப் பக்கத்துப் பசங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாங்க.

அது என்ன தகராறு? கம்போ நெல்லோ, மரக்காலில் அளக்க ரெண்டு வழி. கோபுரமா குவிச்சு அளக்கலாம். இல்லேன்னா ஒரு குச்சியால விளிம்போட வழிச்சு தலை தட்டி அளக்கலாம். பாத்திரம் அதேதான், அளவு வேற. வாரம் வாங்குறப்போ குவிச்சும், கூலி கொடுக்குறப்போ தலை தட்டியும் அளந்தா, யாரும் எந்த மரக்காலையும் திருத்தாமலே ஏமாத்திடலாம்.

இதுல இயற்பியலும் இருக்கு. தானியம் குவியுற சரிவு கிட்டத்தட்ட மாறாது. அதனால குவியலோட கொள்ளளவு வாய் அகலத்தோட கனத்துக்கு ஏத்த மாதிரி கூடும். வாய் விட்டம் ரெண்டு மடங்கானா குவியல் எட்டு மடங்கு! அதாவது ஒரே கொள்ளளவுள்ள ரெண்டு மரக்காலில், குட்டையா அகலமா இருக்குறதுல குவிச்சு அளந்தா அளக்குறவருக்கு நல்ல லாபம். கால்குலஸ் தெரியாமலே இதைக் கண்டுபிடிச்சவங்க எல்லா ஊரிலும் இருந்திருக்காங்க.

பிரான்சிலும் அதே கதைதான். புரட்சிக்கு முன்னாடி அங்கே சுமார் 800 பெயர்களில் இரண்டரை லட்சம் வெவ்வேறு அளவுகள் புழக்கத்தில் இருந்ததா கென் ஆல்டர் 2002-ல் வந்த தன் புத்தகத்தில் சொல்றார். பண்ணைப் பிரபுக்கள் ஆளுக்கொரு மரக்கால் வெச்சிருந்தாங்க. 1789-ல் மக்கள் எழுதிக் கொடுத்த குறைப்பட்டியல்களில் 'நாடு முழுக்க ஒரே அளவு வேணும்'ங்கிற கோரிக்கை திரும்பத் திரும்ப வருது. யாருடைய மரக்காலை எடுத்துக்கிட்டாலும் இன்னொருத்தர் சண்டைக்கு வருவார். அதனால யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றை, பூமியையே, அளவுகோலா வெச்சாங்க. வடதுருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரைக்குமான தூரத்தில் கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர். அதை அளக்க 1792 ஜூன் மாசம் தெலாம்பர் வடக்கே போனார், மெஷேன் தெற்கே போனார். அளந்து முடிக்க 1798 ஆச்சு. கடைசியில் வந்த மீட்டர் 0.2 மில்லிமீட்டர் குட்டைங்கிறது வேற விஷயம்.

இப்ப அதே 1792-க்கு நம்ம ஊர்ப்பக்கம் வாங்க. மார்ச் மாசம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. திப்பு சுல்தான் கையிலிருந்து பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்குப் போகுது. நிர்வாகம் பண்ண வந்தவர் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளர்களில் ஒருத்தர் தாமஸ் மன்றோ (சென்னை தீவுத்திடல் பக்கம் குதிரை மேல உட்கார்ந்திருப்பாரே, அவரேதான்). வந்ததும் இவங்களும் அளக்க ஆரம்பிச்சாங்க, ஆனா பூமியை இல்லை, வயலை. ஒவ்வொரு வயலா அளந்து, ஒவ்வொரு குடியானவர் பெயரில் வரி போடுற ரயத்துவாரி முறை இங்கேதான் உருவாச்சு. பின்னால மன்றோ கடப்பை, பல்லாரிப் பக்கம் போய் 33 அடிச் சங்கிலியால அளந்தார். சங்கிலியோட சதுரம் ஒரு குண்டா, 40 குண்டா ஒரு ஏக்கர். பெருக்கிப் பாருங்க, 43,560 சதுர அடி சரியா வரும். சேலத்தில் இடையில் மிட்டா முறை வந்தது தனிக்கதை, இன்னொரு பதிவில் பார்ப்போம்.

எனக்கு உறுத்துற இடம் இதுதான். ஒரே வருஷம், ரெண்டு அளவை. அங்கே அளவுக்காரங்ககிட்ட ஏமாந்தவங்க ஒரே அளவு கேட்டாங்க. இங்கே வரி வாங்குறவங்க தங்களுக்குத் தேவையான அளவைக் கொண்டு வந்தாங்க. நம்ம குடியானவரை யாரும் கேட்கலை.

அதுக்காக நமக்குப் பொது அளவே தெரியாதுன்னு நினைச்சுக்காதீங்க. ராஜராஜன் காலத்து தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன்னை எடைபோட்ட கல்லுக்கு 'ஆடவல்லான்'னு பெயர். நகைக்கு 'தட்சிணமேரு விடங்கன்'. சாமி பெயரில் எடைக்கல்! பல கோயில் சுவர்களில் நிலம் அளக்குற கோலோட நீளத்தை வெட்டி வெச்சிருக்காங்க, சந்தேகம் வந்தா யார் வேணும்னாலும் போய் ஒப்பிட்டுப் பார்த்துக்கலாம். பாரிஸ் பக்கத்தில் பூட்டி வெச்ச உலோகத் துண்டைவிட இது ஜனநாயகமா எனக்குத் தோணுது. நம்ம முகத்தலளவை வாய்ப்பாட்டையும் பாருங்க: 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு மரக்கால். சுத்தமான பைனரி! தராசு இல்லாதவன் கண்ணால பாதி பாதியா பிரிக்கலாமே. நம்ம சாஃப்ட்வேர் ஆளுங்க பெருமைப்பட்டுக்கலாம் :-)

அப்புறம் 1802-ல் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோடு அளந்தார். 100 அடி இரும்புச் சங்கிலி. சென்னை வெயிலில் இரும்பு நீளுமே? 10 டிகிரி செல்சியஸ் கூடினா 100 அடிக்கு சுமார் மூணரை மில்லிமீட்டர். அற்பம்னு விட்டா ஏழரை மைலுக்கு கிட்டத்தட்ட 1.4 மீட்டர் தப்பு. அதனால தெர்மாமீட்டர் வெச்சு திருத்திக்கிட்டே போனார். பின்னால 78 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டி அவர் பூமியை அளந்துக்கிட்டே போன பாதைக்கு சேலம் ரொம்பப் பக்கம். ஆனா அவர் அளந்ததெல்லாம் அடியில்தான், மீட்டரில் இல்லை.

மீட்டர் நமக்குச் சட்டமா வந்தது சுதந்திரத்துக்கு அப்புறம். 1956-ல் சட்டம், 1957 ஏப்ரலில் நயா பைசா, 1958 அக்டோபரில் கிலோ. வீசை, பலம், தோலாவெல்லாம் 1962-க்குள் கடைகளிலிருந்து கிளம்பணும்னு ஏற்பாடு. இந்தியாவோட கிலோ, 57-ம் எண் பிரதி, டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கு. 2019 மே 20 முதல் அதுக்கும் மேலே எஜமான் மாறிட்டார். இப்ப கிலோவுக்கு ஆதாரம் உலோகம் இல்லை, பிளாங்க் மாறிலி. மீட்டர் 1983-லேயே ஒளியோட வேகத்துக்குப் போயிடுச்சு.

இவ்வளவுக்கு அப்புறமும் மேட்டூர் அணையில் நீர்மட்டம் அடியில்தான், கொள்ளளவு டி.எம்.சி.யில்தான். ஒரு டி.எம்.சி.ன்னா 2.83 கோடி கன மீட்டர், யாராவது அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கீங்களா? பவுனுக்கு 8 கிராம்னு வெச்சு வெள்ளைக்காரன் தங்கக்காசோட பெயரை இன்னும் விடலை. எங்க பக்கத்து அரளிப்பூ இன்னும் சுவாரசியம். விவசாயிகிட்ட கிலோ கணக்கில் வாங்குறாங்க, பிளாங்க் மாறிலி வரைக்கும் போற சுத்தமான கிலோ. மல்லி, முல்லையைக் கட்டி விக்கும்போது மட்டும் முழம். அதுவும் யாரோட முழம்? பூக்காரம்மாவோட முழங்கை. பூவை இழுத்துப் பிடிச்சு அளப்பாங்களா, தளர விட்டு அளப்பாங்களாங்கிறது அன்னைக்கு நாம பேசுற பேரத்தைப் பொறுத்தது.

கொங்குப் பக்கம் வள்ளம்னு ஒரு தானிய அளவு உண்டு. உங்க ஊரில் எத்தனை படி ஒரு வள்ளம்? குவிச்சா, தலை தட்டியா? வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுப் பின்னூட்டத்தில் எழுதுங்க, ஊர் பேரோட.