தரங்கம்பாடி: கப்பல் வராத இருபத்தாறு வருஷம்

மே மாசம் பொறந்தா நம்ம எல்லார் வாட்ஸப் குரூப்லயும் ஒரே கேள்விதான்: "எங்கயாவது போலாமாடா?" ஊட்டி, கொடைக்கானல்ல ரூம் கிடைக்காது. பாண்டிச்சேரி போய்ப் போய் அலுத்துப் போச்சு. இந்தத் தடவை நாங்க மூணு பேர் தரங்கம்பாடி போனோம். மயிலாடுதுறையில ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடிச்சோம். முன்னாடி அங்கிருந்து தரங்கம்பாடிக்கே ஒரு ரயில் பாதை இருந்தது, 1980கள்ல அதை நிறுத்திட்டாங்க. இந்த 'நிறுத்திட்டாங்க'ங்கிற வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க. இந்த எபிசோட் முழுக்க அது வந்துட்டே இருக்கும்.

ஊருக்குள்ள நுழையுற இடத்துல வெள்ளையா ஒரு வாசல் நிக்குது. டென்மார்க்காரங்க 1792-ல திரும்பக் கட்டினது. அதைத் தாண்டினா நேரா ஒரு தெரு. ரெண்டு பக்கமும் பழைய பங்களாக்கள், தேவாலயங்கள். தெரு முடியுற இடத்துல கோட்டை, அதுக்குப் பின்னாடி கடல். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அந்தத் தெருவுல எங்களைத் தவிர ஒரு நாய் மட்டும்தான் இருந்தது. கூட வந்த நண்பன் சொன்னான், "செம அமைதிடா, இங்கயே வந்து செட்டில் ஆயிடலாம்." எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா ஒரு காலத்துல துறைமுகமா இருந்த ஊர் இவ்வளவு அமைதியா இருக்குன்னா, அதுக்கு ஏதோ காரணம் இருக்கணும்ல?

அதுக்கு முன்னாடி பேரைப் பத்தி ஒரு வார்த்தை. ரீல்ஸ்ல எல்லாரும் 'பாடும் அலைகளின் ஊர்'னு போடுறாங்க. தரங்கம்னா அலை, அது சரி. ஆனா 'பாடி'ங்கிறது பாட்டு இல்லைங்க. வாணியம்பாடி, காட்பாடியில வர்ற அதே பாடி, குடியிருப்புன்னு அர்த்தம். கடற்கரையில இருக்கிற மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துல, 1306 வாக்குல கட்டினது. அங்க இருக்கிற கல்வெட்டு இந்த ஊரை 'சடங்கன்பாடி'ன்னு சொல்லுது, குலசேகரன்பட்டினம்னு இன்னொரு பேரும் இருக்கு. ஆக, டென்மார்க்காரன் வர்றதுக்கு முந்நூறு வருஷம் முன்னாடியே இது ஒரு பட்டினம். 'டேனிஷ்காரங்க உருவாக்கின ஊர்'னு யாராவது சொன்னா, கோயிலைக் காட்டுங்க.

சரி, டேனிஷ்காரங்க எப்படி வந்தாங்க? உண்மையில அவங்க கிளம்பினது இந்த ஊருக்கே இல்லை. டென்மார்க் அரசர் நாலாம் கிறிஸ்டியன் 1616-ல ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பிக்க அனுமதி கொடுத்தார். போர்ச்சுகீசியர்களோட மோதிட்டிருந்த கண்டி அரசருக்கு உதவி செய்யறது, பதிலுக்கு வியாபார உரிமை வாங்கறது, இதுதான் திட்டம். ஓவே கெட்டே தலைமையில கப்பல்கள் இலங்கைக்குப் போச்சு. கண்டியில பேச்சு சரியா வரலை. ஆனா அதுக்கு முன்னாடியே வந்த ஒரு கப்பலை 1619-ல காரைக்கால் பக்கத்துல போர்ச்சுகீசியர்கள் மூழ்கடிச்சுட்டாங்க. அதுல இருந்த ரோலண்ட் கிராப்பேங்கிறவர் சிலரோட உயிர் தப்பி தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார். கப்பலும் இல்லை, சரக்கும் இல்லை. அந்த நிலைமையில அரசர்கிட்ட பேசிப் பேசியே ஒரு வழி பண்ணிட்டார் மனுஷன்.

1620 நவம்பர்ல ஒப்பந்தம் ஆச்சு. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தமிழ்ல எழுதி அனுப்பின தங்க ஓலை இன்னைக்கும் கோபன்ஹேகன் ஆவணக்காப்பகத்துல பத்திரமா இருக்கு. இந்த ஒப்பந்தத்துல யார் பெரிய ஆள்னு நாம சரியாப் புரிஞ்சுக்கணும். டேனிஷ்காரங்க இந்த இடத்தைப் பிடிக்கலை. வருஷா வருஷம் கப்பம் கட்டி இருக்கறதா ஒத்துக்கிட்டாங்க. போர்ச்சுகீசியர்களுக்குப் போட்டியா இன்னொரு வெள்ளைக்காரன் தன் கரையில இருக்கட்டும்னு நாயக்கர் கணக்குப் போட்டிருப்பார்னு நான் நினைக்கிறேன். இவங்க மிளகு வாங்கணும், துணி வாங்கணும், அதுக்கு அவர் தயவு வேணும். டேன்ஸ்போர்க் கோட்டை இப்படித்தான் வந்தது. சுருக்கமாச் சொன்னா, வாடகை வீடு.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. 1640கள்ல டென்மார்க் ஐரோப்பாவுல போர்ல மாட்டிக்கிச்சு. கம்பெனி நொடிச்சுப் போச்சு, 1650-ல அதைக் கலைச்சே விட்டாங்க. ஆனா கோட்டையில இருந்தவங்களை யாரும் கூப்பிட்டுக்கலை! 1643-க்கு அப்புறம் தாய்நாட்டுல இருந்து ஒரு கப்பல்கூட வரலை. ஒவ்வொருத்தராச் செத்துப் போறாங்க, சிலர் வேற கம்பெனிகளுக்குப் போயிடறாங்க. 1655 வாக்குல கோட்டையில மிச்சம் இருந்த டேனிஷ்காரர் ஒரே ஒருத்தர். பேரு எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்க. எழுதப் படிக்கத் தெரியாத சாதாரண சிப்பாய்.

அந்த ஒருத்தர் பதினாலு வருஷம் கோட்டையைப் பிடிச்சு வச்சிருந்தார். கப்பம் பாக்கின்னு நாயக்கர் படை வந்து முற்றுகை போடுது, சமாளிக்கிறார். வங்காளக் கப்பல்களைக் கடல்ல மறிச்சுக் கொள்ளையடிச்சு, அந்தக் காசுல ஊரைச் சுத்தி மதில் எழுப்பறார். அப்புறம் நாயக்கர்கிட்டயே சமாதானம் பேசிடறார். இடையில வேற நாட்டுக் கப்பல்கள் மூலமா ஊருக்குத் தகவல் அனுப்பிட்டே இருக்கார்: கோட்டை இன்னும் நம்ம கையிலதான் இருக்கு, ஆள் அனுப்புங்க. கடைசியா 1669 மே மாசம் ஃபேரோங்கிற போர்க்கப்பல் வந்து சேருது. இருபத்தாறு வருஷம் கழிச்சு!

எனக்கு இதுல ஒரு உறுத்தல் இருக்கு. இந்தக் கதையை 'ஒத்தை டேனிஷ் வீரன்'னு சொல்லும்போது கேக்கறதுக்கு நல்லா இருக்கு. ஆனா ஒரு மனுஷன் தனியா கோட்டையைக் காக்க முடியுமா? காவல் நின்னவங்க, மதிலுக்கு மண் சுமந்தவங்க, கப்பல் ஓட்டினவங்க, சோறு போட்டவங்க எல்லாம் யாரு? இந்தக் கரையில இருந்த ஆட்கள்தானே. அவங்க பேரு ஒண்ணுகூட கதையில இல்லை.

சீகன்பால்க் பத்தி நீங்க பாடப் புத்தகத்துலயே படிச்சிருப்பீங்க, அதனால வேகமாப் போயிடறேன். 1706 ஜூலை 9-ஆம் தேதி வந்து இறங்கினார். சின்னப் பசங்களோட உட்கார்ந்து மணல்ல எழுதித் தமிழ் கத்துக்கிட்டார். கோட்டைத் தளபதியோட சண்டை போட்டு நாலு மாசம் அதே கோட்டையில ஜெயில்ல இருந்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல அச்சாகி முடிஞ்சுது. பக்கத்துல பொறையார்ல காகிதமும் செய்யப் பார்த்தாங்க, அந்த இடத்தை இன்னைக்கும் கடுதாசிப்பட்டறைன்னுதான் சொல்றாங்க. பஸ்ல போகும்போது கவனிங்க.

அப்புறம் 1845. டென்மார்க்குக்கு இந்த ஊரால லாபம் இல்லை. தரங்கம்பாடி, வங்காளத்துல இருக்கிற செராம்பூர் எல்லாத்தையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர்கிட்ட வித்துட்டாங்க. வாங்கினவங்களுக்கும் இந்தத் துறைமுகம் பெருசாத் தேவைப்படலை. 1861-ல நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்துச்சு, சரக்கெல்லாம் அந்தப் பக்கம் போயிடுச்சு. அவ்வளவுதான். புதுசாக் கட்ட யாருக்கும் அவசியம் வரலை, அதனால பழசை இடிக்கவும் அவசியம் வரலை. என் நண்பன் ரசிச்ச அந்த அமைதி இதுதான். நாம போட்டோ எடுக்கிற அழகான பழைய தெரு, ஒரு ஊரோட பிழைப்பு போனதால மிஞ்சின தெரு.

மனுஷங்க கைவிட்ட கதை இதோட முடியுது. கடல் கதை இன்னும் முடியலை. 1733-ல ட்ரெல்லுண்ட் வரைஞ்ச ஒரு வரைபடம் இருக்கு. அதுல ஊரைச் சுத்தி மதில், கடல் பக்கத்துலயும் மதில். இப்ப கடல் பக்கம் அந்த மதில் இல்லை. மாசிலாமணிநாதர் கோயிலோட முன் பகுதியையும் கடல் எடுத்துக்கிச்சு. மிச்சம் இருந்ததைத் திருப்பணி செஞ்சு நிறுத்தியிருக்காங்க, முன்னாடி கருங்கல்லைக் கொட்டி வச்சிருக்காங்க. நாம 'பீச்'னு சொல்லி நிக்கிற இடம் ஊரோட ஓரம் இல்லைங்க. ஊரோட நடு.

சாயங்காலம் கரையில மீன் வறுத்து வித்துட்டிருந்த அம்மாகிட்ட பேசிட்டிருந்தோம். 2004 டிசம்பர் 26, சுனாமி. அதுக்கு அப்புறம் கரையோரம் இருந்த குடும்பங்களுக்குக் கடலை விட்டுத் தள்ளி வீடு கட்டிக் கொடுத்தாங்க. "வீடு நல்ல வீடுதான் தம்பி. ஆனா வலை இங்க, படகு இங்க. ராத்திரி கடல் எப்படி இருக்குன்னு படுத்த இடத்துல இருந்தே காது கேக்கும் முன்ன. இப்ப எழுந்து வந்து பார்க்க வேண்டியிருக்கு"ன்னாங்க.

அதே வருஷங்கள்லதான் இந்தப் பக்கம் கோட்டையையும் பழைய பங்களாக்களையும் புதுப்பிக்கிற வேலை வேகமா நடந்துச்சு. அதை நான் தப்புன்னு சொல்லலை, அழகாச் செஞ்சிருக்காங்க. கோட்டை முன்னாடி வரலாறு சொல்ற பலகைகள் இருக்கு. 1620, 1706, 1845 எல்லாம் வருது. அந்த அம்மா வீட்டு ஆட்கள் எத்தனை தலைமுறையா இந்தக் கரையில இருக்காங்கன்னு சொல்ற பலகையை நான் தேடினேன், என் கண்ணுல படலை. அவங்ககிட்டயே கேட்டேன். "கோயிலு கட்டுறப்பவே இருந்திருப்போம், வேற யாரு மீன் பிடிச்சிருப்பா?"ன்னு சிரிச்சுட்டாங்க.

போறதா இருந்தா விடியக்காலையில கரைக்குப் போயிடுங்க. மே மாசம் ஒன்பது மணிக்கு மேல மணல்ல கால் வைக்க முடியாது. கோயிலுக்கு முன்னாடி கருங்கல் கொட்டியிருக்கிற பக்கம் மட்டும் தண்ணியில இறங்காதீங்க. அடியில பழைய செங்கல் சுவர் கிடக்கு, கால்ல குத்தும்.