நீதிக்கு முந்திய கணம்: நடுநிலை வகுப்புகளில் ஆங்கிலச் சிறுகதையும் முரணும்

மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கக் குன்றில் உள்ள மகிடாசுரமர்த்தினி குகையின் வடசுவரில் ஒரு போர் நடக்கிறது. சிங்கத்தின் மேல் அமர்ந்த தேவி எட்டுக் கைகளோடு முன்னேறுகிறாள். அவளைச் சுற்றிக் குள்ளப் பூதங்கள் துள்ளி வருகின்றன. எதிரே எருமைத் தலையும் மனித உடலுமாக நிற்கும் மகிடன் கதாயுதத்தைப் பிடித்தபடி பின்னோக்கிச் சாய்கிறான். அவனுடைய ஆட்கள் சிலர் விழுந்துவிட்டார்கள், அவன் விழவில்லை. தேவிக்கு மேலே குடை இருப்பதுபோல அவனுக்கு மேலேயும் குடை இருக்கிறது. அவனும் ஓர் அரசன்தான் என்பதைச் சிற்பி மறைக்கவில்லை. எதிர்ச் சுவரில் திருமால் பாம்பணையில் துயில்கிறார். கால்மாட்டில் மதுவும் கைடபனும் ஆயுதத்தோடு நிற்கிறார்கள். அங்கே போர் இன்னும் தொடங்கவே இல்லை.

அதே ஊரின் திரிமூர்த்தி குகைப் பக்கத்தில், வெட்டுண்ட எருமைத் தலைமேல் கொற்றவை அமைதியாக நிற்கிறாள். அதுவும் பல்லவர் காலத்து வேலைப்பாடுதான், அழகில் குறைந்ததும் அல்ல. ஆனால் அங்கே கதை முடிந்துவிட்டது. வணங்கலாம், அடுத்து என்ன நடக்கும் என்று கேட்க முடியாது. நம்முடைய நடுநிலை வகுப்புகளில் ஆங்கிலச் சிறுகதை நடத்தப்படும் விதம் பெரும்பாலும் இந்த இரண்டாவது சிற்பத்தின் விதம் என்பது என் வாதம். கதையின் முடிவிலிருந்து நீதியை எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறோம். யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாத அந்த நடுக்கணத்தை, அதாவது முரணை, தாண்டிப் போய்விடுகிறோம். சிறுகதை என்ற வடிவத்தின் உயிர் அந்தக் கணத்தில்தான் இருக்கிறது. அதைத் தவறவிட்ட பிறகு எவ்வளவு சொற்பொருள் எழுத வைத்தாலும், எத்தனை வினாவிடை மனப்பாடம் செய்ய வைத்தாலும் பிள்ளை கதை படித்ததாக ஆகாது.

பயிற்சிப் பகுதிகளைப் புரட்டினாலே இது தெரியும். சொன்னவர் யார், கோடிட்ட இடத்தை நிரப்புக, கலைந்து கிடக்கும் வாக்கியங்களைக் கதைப்படி வரிசைப்படுத்துக. இவற்றில் கடைசி வகை கதையறிவைச் சோதிப்பதுபோலத் தோற்றமளிக்கிறது. உண்மையில் அது முன்பின் வரிசையை மட்டுமே சோதிக்கிறது. ஏழு வாக்கியங்களைச் சரியாக அடுக்கிய மாணவி, மூன்றாவது நடக்காமல் இருந்திருந்தால் ஐந்தாவது நடந்திருக்குமா என்ற கேள்விக்கு வாயடைத்து நிற்கலாம். மதிப்பெண் பட்டியலில் அந்தக் குறை தெரியப்போவதில்லை.

முரணைப் பற்றியே பேசாத வகுப்பு ஒரு வகை. பேசுகிற வகுப்புகளும் உண்டு, குறிப்பாகத் தனியார் ஆங்கிலப் பள்ளிகளில். அங்கே வேறொரு நோய். மனிதன் எதிர் மனிதன், மனிதன் எதிர் இயற்கை, மனிதன் எதிர் சமூகம், மனிதன் எதிர் தன் மனம் என்று நான்கு பெட்டிகள். கூடவே கரும்பலகையில் ஒரு முக்கோணம், அதன் உச்சியில் ஒரு புள்ளி. இந்த முக்கோணத்தின் மூலம் 1863-இல் குஸ்தாவ் ஃப்ரைடாக் நாடகக் கலை பற்றி எழுதிய நூல். அவர் கண்முன் இருந்தவை சோஃபக்ளீஸ், ஷேக்ஸ்பியர் போன்றோரின் நாடகங்கள். ஐந்து அங்கத் துன்பியலுக்கு வரைந்த படத்தை மூன்று பக்கச் சிறுகதையின் மேல் கவிழ்த்தால் கதை எப்படிப் பொருந்தும்? பொருந்தாத பகுதியை மாணவர் கண்டுகொள்ளாமல் விடக் கற்றுக்கொள்கிறார்கள். பெட்டிகளும் அப்படியே. வகை சொல்லிவிட்டால் மதிப்பெண் விழுந்துவிடும் என்பதால் சிந்தனை அங்கேயே நின்றுவிடுகிறது. நீதி வாக்கியம் செய்த வேலையைத்தான் இதுவும் செய்கிறது.

தமிழ்நாட்டுப் பாடநூலில் உள்ள ஒரு கதையையே எடுத்துக்கொள்வோம். ஏழாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் பிரேம்சந்தின் ‘ஈத்கா’ எளிமைப்படுத்திச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பெற்றோரை இழந்த சிறுவன் ஹமீது மூன்று பைசாவோடு பெருநாள் சந்தைக்குப் போகிறான். நண்பர்கள் பொம்மையும் மிட்டாயும் வாங்குகிறார்கள். அவன் பாட்டிக்கு ஓர் இடுக்கி வாங்கி வருகிறான், ரொட்டி சுடும்போது அவள் விரல் சுட்டுக்கொள்ளக் கூடாது என்று. நீதி என்ன? மூத்தோரிடம் அன்பு. இந்த விடையை எல்லாப் பிள்ளைகளும் எழுதிவிடுவார்கள். கதையை ஒருமுறைகூடப் படிக்காதவர்களும் எழுதலாம்.

நின்று பார்த்தால் கதை அவ்வளவு சாதுவானது அல்ல. ஹமீதுக்கு மிட்டாய் வேண்டும். நண்பர்கள் அவனுக்குக் காட்டிக் காட்டித் தின்கிறார்கள். அவன் மனத்துக்குள் அவர்களைத் திட்டுகிறான், பொம்மைகள் உடைந்துபோகும் என்று சமாதானம் தேடுகிறான். இடுக்கியை வாங்கிய பிறகு அதைத் தோளில் துப்பாக்கிபோல் சாய்த்துக்கொண்டு, மற்ற எல்லாப் பொம்மைகளையும் தன் இடுக்கி வென்றுவிடும் என்று வாதாடுகிறான். அந்த வாதம் முழுக்கக் கெட்டிக்காரத்தனமான வீம்பு. தியாகம் செய்த பிள்ளை எதற்காக இவ்வளவு வாதாட வேண்டும்? அங்கேதான் முரண் இருக்கிறது. பாட்டியின் விரலை நினைத்தவன் தன் நாக்கை மறந்துவிடவில்லை. வீட்டுக்கு வந்ததும் பாட்டி முதலில் செய்வது பாராட்டு அல்ல, பதறிப்போய்த் திட்டுவது: பகல் முழுக்க ஒன்றும் தின்னாமல் இதையா வாங்கி வந்தாய் என்று. அன்பு என்ற ஒற்றைச் சொல் இந்த நெளிவுசுளிவுகளை எல்லாம் இஸ்திரி போட்டுவிடுகிறது. இடுக்கிக் கடை முன் ஹமீது நிற்கும் இடத்தில் புத்தகத்தை மூடச் சொல்லி, வாங்கலாமா வேண்டாமா என்று வகுப்பை இரண்டாகப் பிரித்துப் பேசவிட்டால், ஏழாம் வகுப்புக்கு இதில் எதுவும் எட்டாத விஷயம் அல்ல.

உள்ளூர்க் கதைகள் இதற்கு இன்னும் நன்றாகக் கைகொடுக்கும். செங்கல்பட்டு மாவட்டப் பிள்ளைகளில் மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையைக் கேள்விப்படாதவர் குறைவு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், இப்பகுதி கும்பினியின் ஜாகீராக இருந்தபோது, லயனல் பிளேஸ் கலெக்டராக இருந்தார். ஏரிக்கரை மழைக்கு மழை உடைந்துகொண்டிருந்தது. கோயிலார் தாயாருக்குச் சந்நிதி கட்டப் பணம் கேட்டார்கள். கரை நிற்கட்டும், பார்க்கலாம் என்று துரை சொன்னதாகக் கதை. பெருமழை இரவில் கரையைப் பார்க்கப் போனவர், வில்லேந்திய இருவர் காவல் நிற்பதைக் கண்டு மண்டியிட்டார். கரை உடையவில்லை, சந்நிதி எழுந்தது. பிளேஸின் பெயரைச் சொல்லும் கல்வெட்டு அந்தச் சந்நிதியில் இன்றும் இருக்கிறது. செங்கல்பட்டுச் சீமையைப் பற்றி யூஜின் இர்ஷிக் 1994-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இதே பிளேஸ் வேறு கோலத்தில் வருகிறார்: வருவாயைக் கூட்ட முனைந்து மிராசுதாரர்களோடு மோதிய அதிகாரியாக.

இந்தக் கதையை எந்தப் பெட்டியில் போடுவது? மழை இருக்கிறது, ஆகவே இயற்கை. பணத்தைக் கரைக்குச் செலவிடுவதா சந்நிதிக்கா என்ற இழுபறி இருக்கிறது, ஆகவே மனிதர்க்கிடையே. ஆள்கிறவன், ஆளப்படுகிறவர்கள் என்பதால் சமூகம். நம்பாதவன் நம்புவதால் மனம். நான்கிலும் பொருந்துகிற கதை பெட்டிகளின் பயனின்மையைத் தானே சொல்லிவிடுகிறது. பிள்ளைகளிடம் கேட்க வேண்டியது வேறு. அந்த இரவு கரை உடைந்திருந்தால் யார் யாருக்கு என்ன இழப்பு? கலெக்டருக்கு வரி, உழவருக்குப் பயிர், அர்ச்சகருக்குச் சந்நிதி. ஒரே மழையில் மூவரும் மூன்று விதமாக நனைகிறார்கள். இதை எளிய ஆங்கிலத்தில் சொல்லப் பத்து வாக்கியம் போதும். கதை முன்பே தெரிந்திருப்பதால் பிள்ளையின் உழைப்பு முழுவதும் மொழிக்குப் போகும். பக்திக் கதையை ஆங்கில வகுப்பில் சொல்வதா என்று முகம் சுளிப்பவர்கள், நமது ஆங்கிலப் பாடங்களில் கிரேக்கத் தெய்வங்கள் எத்தனை முறை வந்துபோயிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

மொழியைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முரணை ஆங்கிலத்திலேயே பேசித்தான் ஆக வேண்டும் என்ற பிடிவாதம், முரண் பேசப்படாமலே போவதற்கு ஒரு முக்கியக் காரணம். கோவளத்திலோ கொக்கிலமேட்டிலோ வீட்டில் தமிழ் மட்டும் பேசும் பிள்ளைக்கு ஹமீதின் வீம்பு புரியும், அதை ஆங்கிலத்தில் விளக்க வராது. விளக்க வராததால் ஆசிரியர் கேட்பதில்லை. கேட்காததால் பிள்ளை யோசிப்பதில்லை. வாதம் தமிழில் நடக்கட்டும், சூடாகவே நடக்கட்டும். பிறகு ஆளுக்கு மூன்று ஆங்கில வாக்கியங்கள் எழுதட்டும், மூன்றும் ‘பட்’, ‘பிகாஸ்’, ‘இஃப்’ என்ற இணைப்புச் சொற்களால் கட்டப்பட்டவையாக இருக்கட்டும். ஹமீதுக்கு மிட்டாய் ஆசை, ஆனால் பாட்டிக்கு இடுக்கி இல்லை. இலக்கண வகுப்பில் உயிரற்றுக் கிடக்கும் கூட்டு வாக்கியம், சொல்வதற்கு ஒரு முரண் கிடைத்ததும் எழுந்து உட்காரும். மறைமலை நகர்ப் பக்கம் தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்தியோ ஒடியாவோ வீட்டு மொழியாக இருக்கும். அவர்கள் அந்த வாதத்தில் எப்படிச் சேர்வது என்பதற்கு என்னிடம் எளிய விடை இல்லை. ‘ஈத்கா’ மூலத்தில் இந்துஸ்தானிக் கதை என்பதால், அந்த ஒரு பாடத்திலாவது அவர்களில் இந்தி பேசுவோருக்கு மற்றவர்களைவிட ஒரு பிடி கூடுதலாகக் கிடைக்கும்.

கதையல்லாத பாடத்திலும் முரண் ஒளிந்திருக்கும். ஆறாம் வகுப்பின் முதல் பருவ ஆங்கில நூலில் கடலாமைகளைப் பற்றிய பாடம் இருக்கிறது. தகவல் பாடம். நீலாங்கரையிலிருந்து கல்பாக்கம்வரை உள்ள கரைக்கு அது தகவல் மட்டும் அல்ல. தை, மாசி, பங்குனியில் இரவோடு இரவாக ஆமைகள் ஏறிவந்து முட்டையிடும் மணல் இதுதான். மீனவர் அவற்றைப் பங்குனி ஆமை என்பார்கள். 2025 சனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, இழுவலைப் படகுகள் கரையை நெருங்கி மீன்பிடிப்பது பெரும் பேச்சானது. மூச்சு வாங்க மேலே வர முடியாமல் வலைக்குள் மூழ்கிச் சாகும் ஆமை, டீசல் செலவை ஈடுகட்ட வேண்டிய விசைப்படகு, அதே இழுவலையால் தன் பாடும் கெட்டுப்போகிற ஃபைபர் படகுக்காரர். இந்த மூவரில் ஒருவர் வாயால் கதையைச் சொல்லு என்றால், பாடத்தில் படித்த தகவல் அத்தனையும் கதைக்குள் இறங்கி வேலை செய்யத் தொடங்கும். வில்லன் யார் என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். போடட்டும். படகுக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவர் வகுப்பில் இருந்தால் அந்தச் சண்டை எளிதில் முடியாது.

இங்கே வலுவான ஒரு மறுப்பைச் சந்தித்தாக வேண்டும். எல்லாக் கதையும் முரணால்தான் நகர வேண்டுமா? உர்சுலா லெ குவின் 1986-இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஈட்டியும் வேட்டைக்கார நாயகனுமாகக் கதையைப் பார்ப்பதை எதிர்த்து, பொறுக்கிச் சேர்க்கும் பையாகக் கதையைப் பார்க்கச் சொன்னார். சீன, சப்பானிய மரபில் மோதலைவிடத் திருப்பத்தை நம்பும் நான்கு படிக் கட்டமைப்பு உண்டு. இந்த மறுப்பை நான் பாதி ஏற்கிறேன். முரணைச் சண்டை என்று கற்பித்தால் லெ குவின் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் சண்டையே இல்லாத முரணுக்குத் தமிழில் எடுத்துக்காட்டுப் பஞ்சமில்லை. கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையில் ஒரு பெரியவர் குழந்தைகளுக்குப் பரிசு கொடுக்கிறார், சாரங்கன் என்ற சிறுவனை மட்டும் விட்டுவிடுகிறார். சாரங்கன் அழவில்லை, கேட்கவில்லை. பிறிதொரு நாள் அவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, அதில் அவர் தனக்கு அன்பளித்ததாக எழுதித் தரச் சொல்கிறான். யாரும் யாரையும் எதிர்க்கவில்லை, குரல்கூட உயரவில்லை. பெரியவர் கூனிக்குறுகிப் போவதை வாசகர் உணர்கிறார். தமிழ் வகுப்பில் இதை ஒருமுறை வாசித்துவிட்டு ஆங்கில வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு, முரண் என்றால் அடிதடி என்ற நினைப்பு போய்விடும். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே ஓய்வறையில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றிப் பேசிக்கொள்ளாதது நம் பள்ளிகளின் தனி விசித்திரம்.

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கவே தடுமாறும் வகுப்பில் முரணாவது, முடிச்சாவது? ஆசிரியர்கள் சொல்லும் இந்தக் கவலையைப் புறந்தள்ளக் கூடாது. ஆனால் படிக்கத் தெரிந்த பிறகுதான் கதை என்பது தலைகீழ். அடுத்து என்ன என்ற அரிப்பு இல்லாத பிள்ளை ஏன் எழுத்துக்கூட்ட வேண்டும்? ஆசிரியர் உரக்க வாசித்து, முரண் முற்றும் இடத்தில் நிறுத்தி, மிச்சத்தை நீயே பார் என்று புத்தகத்தைக் கையில் கொடுப்பது மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு இன்னும் அதிகம் தேவை.

எல்லாம் வினாத்தாளில் வந்து நிற்கும். அங்கே மாறாத வரை வகுப்பில் மாறாது. பெரிய மாற்றமும் தேவையில்லை. எட்டாம் வகுப்புப் பாடத்தில் ராஜாஜியின் மூக்குத்திக் கதை இருக்கிறது. தொலைந்த வைர மூக்குத்தி குருவிக் கூட்டில் கிடக்கிறது, பழி வேலைக்காரப் பெண்மேல் விழுகிறது. குருவிகளுக்கு அந்த மூக்குத்தி ஒரு பொருட்டே அல்ல, வீட்டுக்காரர்களுக்கு அது சொத்து, அவளுக்கு மானம். இப்போது கேட்கப்படுவது மூக்குத்தி எங்கே கிடைத்தது என்பது போன்ற கேள்வி. அது ஒரு மதிப்பெண்ணோடு இருந்துவிட்டுப் போகட்டும். அதற்குப் பக்கத்தில் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒன்று: மூக்குத்தி கிடைப்பதற்கு முந்தைய இரவு, அவள் தன் வீட்டில் என்ன சொல்லியிருப்பாள், வீட்டார் அதை நம்பியிருப்பார்களா? ஐந்து வாக்கியத்தில் எழுதுக. பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். அவள் சொன்னதை வீட்டார் ஏன் நம்பினார்கள் அல்லது நம்பவில்லை என்பதற்கு ஒரு காரணம் எழுதியிருந்தால் இரண்டு மதிப்பெண் தனியாக.