32-ம் 33-ம்: எல்லையில் ஒரு கணினி, புரொஃபைலா கன்டெய்னரா?

இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும், மலை இறங்கினால் போடிநாயக்கனூரிலும் ஸ்பைசஸ் போர்டின் ஏற்பாட்டில் ஏலக்காய் மின் ஏலம் நடக்கிறது. மேலே தோட்டம், கீழே கடை என்று இரண்டு பக்கமும் கால் வைத்துத் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே தலைமுறைகளாக உண்டு. 2017 ஜூலை 1-ல் வந்த ஜிஎஸ்டியில் இவர்களுக்கு இரட்டைக் கணக்குவேலை. பதிவு மாநிலவாரியானது என்பதால், இரண்டு மாநிலத்திலும் வியாபாரம் இருந்தால் ஒரே பான் எண்ணின் கீழ் இரண்டு பதிவு வேண்டும். கேரளப் பதிவு 32 என்று தொடங்கும். தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும். இணையதளம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே.

சிக்கல் அங்கேதான் பிறக்கிறது. யார் உள்ளே வந்திருக்கிறார் என்பதை பிரவுசர் குக்கி என்ற சிறு குறிப்பில் வைத்துக்கொள்கிறது. ஒரு தளத்துக்கு ஒரு தொகுதிக் குக்கிதான். 32-ல் வேலை செய்துகொண்டே பக்கத்து டேபில் 33-க்குள் நுழைந்தால் முதலாவது கைவிட்டுப் போகும். அவசரத்தில் விற்பனை பில்லைத் தப்பான பதிவில் ஏற்றிவிட்டால் விளைவு சாதாரணமல்ல. கட்டப்பனையிலிருந்து கொச்சிக்குப் போகும் சரக்குக்கு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. போடியிலிருந்து அதே கொச்சிக்குப் போனால் மாநிலம் தாண்டுவதால் ஐஜிஎஸ்டி. வரி இடம் மாறினால் வாங்கியவரின் உள்ளீட்டு வரி வரவும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும். மறைநிலை ஜன்னலைத் திறந்து சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். அதை மூடியதும் லாகின் போய்விடும் என்பதால் அன்றாட வேலைக்கு அது உதவாது.

நிரந்தர வழிகள் இரண்டு. ஒன்று, குரோமில் 2011 முதல் இருக்கும் புரொஃபைல். வலது மேல்மூலையில் உள்ள வட்டப் படத்தைச் சொடுக்கிப் புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம். கூகுள் கணக்கு கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனி ஜன்னல், தனி நிறம், தனி புக்மார்க், தனி பாஸ்வேர்டு, தனி வரலாறு, தனி எக்ஸ்டென்ஷன். மற்றது, ஃபயர்பாக்ஸுக்கு 2017-ல் வந்த மல்டி-அக்கவுன்ட் கன்டெய்னர்ஸ் என்ற எக்ஸ்டென்ஷன். இதில் ஜன்னல் ஒன்றே. டேப்கள்தான் நிறம் நிறமாகப் பிரியும். குக்கியும் தளம் சேமிக்கும் தகவலும் தனித்தனி. பாஸ்வேர்டு, வரலாறு, புக்மார்க் எல்லாம் பொது. (ஃபயர்பாக்ஸிலும் புரொஃபைல் உண்டு, வெகுகாலமாகவே. அது மெனுவில் எளிதாகக் கைக்கு வந்தது 2025-ல்தான்.)

பார்த்தவுடன் கன்டெய்னர்தான் மனதைப் பிடிக்கும். பச்சை டேபில் 32, ஆரஞ்சு டேபில் 33, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்கலாம். நினைவகம் குறைந்த பழைய கணினியிலும் பெரிய சுமை ஏறாது. ஆனால் அதன் சிறப்பாகச் சொல்லப்படும் வசதி, இந்தத் தளத்தை எப்போதும் இந்தக் கன்டெய்னரிலேயே திற என்று கட்டளையிடுவது. ஏலக்காய்க் கணக்கருக்கு அது பயன்படவே பயன்படாது: அவருக்குத் தளம் ஒன்று, பதிவு இரண்டு. கேரள இ-டிஸ்ட்ரிக்ட் ஒரு கன்டெய்னரில், தமிழ்நாட்டு இ-சேவை இன்னொன்றில் என்று ஒதுக்கலாம்தான். அவை வேறு வேறு தளங்கள். பிரிக்காவிட்டாலும் ஒன்றோடொன்று மோதாது. இதைவிடக் கவலைக்குரியது பாஸ்வேர்டு. அது பொது என்பதால் லாகின் பெட்டியைத் தொட்டதும் இரண்டு பயனர்பெயரும் சேர்ந்தே நீளும். பச்சை டேபில் உட்கார்ந்து 33-ஐத் தேர்ந்துவிட ஒரு கணம் போதும். புரொஃபைலில் அந்த ஜன்னலுக்கு உரிய பெயர் மட்டுமே வரும். ஆகவே இந்த வேலைக்கு என் தீர்ப்பு புரொஃபைல் பக்கம்தான், சந்தேகமில்லாமல்.

பாலக்காட்டு எல்லையில், சித்தூர், கோவிந்தாபுரம், வேலந்தாவளம் பக்கத்து வீடுகளில் பிரிவு மாநிலத்தை ஒட்டியதல்ல, ஆளை ஒட்டியது. அப்பாவுக்குத் தமிழ்ப் பக்கங்கள், மலையாளம் படிக்கும் மகளுக்கு மலையாளப் பக்கங்கள், எல்லாம் ஒரே கணினியில். விருப்ப மொழிகளின் வரிசையையும் எந்த மொழியை மொழிபெயர்க்க வேண்டாம் என்பதையும் குரோமில் புரொஃபைலுக்குப் புரொஃபைல் மாற்றி வைக்கலாம். கன்டெய்னரில் மொழி அமைப்பு எல்லா டேபுக்கும் ஒன்றே. இரண்டு மொழி வாழும் வீட்டில் இந்த வேறுபாட்டைச் சிறிதென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை தன் மொழியில் படிக்க உட்காரும்போது பக்கம் கேட்காமலேயே வேறு மொழிக்கு மாறிவிடக் கூடாது.

கன்டெய்னர் வெல்லும் இடமும் உண்டு. ஆள் ஒருவரே, பாஸ்வேர்டைச் சேமிக்காமல் ஒவ்வொரு முறையும் தானே தட்டுகிறார், நாள் முழுக்க இரண்டு கணக்கையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றால், ஜன்னல் மாறி மாறி அலைவதைவிட நிற டேப்கள் நல்லவை.

இரண்டில் எதுவும் பூட்டு அல்ல. கணினி முன் உட்காரும் எவரும் உங்கள் புரொஃபைலைத் திறக்கலாம். மறைக்க வேண்டியது இருந்தால் விண்டோஸிலேயே ஆளுக்கொரு கணக்கும் பாஸ்வேர்டும் வேண்டும். கேரளத்தின் அக்ஷயா பொதுச்சேவை மையம் போல நாளெல்லாம் ஆள் மாறும் இடத்துக்கு இரண்டுமே பொருந்தா. அங்கே குரோமின் விருந்தினர் ஜன்னல்தான் சரி. மூடியதும் வந்தவரின் லாகினும் வரலாறும் அழிந்துவிடும். இறக்கிய கோப்பு மட்டும் டவுன்லோட்ஸில் கிடக்கும், அதைக் கையால்தான் அழிக்க வேண்டும்.

புரொஃபைலைத் தேர்ந்தவர்கள் அமைக்கும்போதே பெயரை வீடு, ஆபீஸ் என்று வைக்காமல் ‘32 கட்டப்பனை’, ‘33 போடி’ என்று எண்ணோடு வையுங்கள். கோப்பு இறங்கும் ஃபோல்டரையும் இரண்டுக்கும் தனித்தனியாக மாற்றுங்கள்; மாற்றாவிட்டால் இரண்டும் ஒரே டவுன்லோட்ஸில்தான் வந்து குவியும். டிஜிட்டல் கையெழுத்துக்கான டோக்கன் மட்டும் இந்தப் பிரிவுக்குள் வராது. அது கணினி முழுமைக்கும் பொது என்பதால், கையெழுத்திடுமுன் திரையில் தெரியும் பதிவின் முதல் இரண்டு இலக்கத்தைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.