குதிரைகளின் துணையோடு மனநல சிகிச்சை

உள்ளம் காயப்பட்டவர்கள் பலருக்கு மருத்துவரின் எதிரே அமர்ந்து வாய் திறப்பதே பெரும் பாரம். அத்தகையவர்களைச் சிகிச்சை அறையிலிருந்து குதிரை லாயத்துக்கு அழைத்துச் செல்லும் முறை ஒன்று மேலைநாடுகளில் பரவியிருக்கிறது. அது எப்படி நடக்கிறது, எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைப் பார்ப்போம்.

தொடக்கம்

டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் 1944இல் இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டார். முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்தன. குதிரை மீது ஏறவும் இறங்கவும் பிறர் உதவி தேவைப்பட்டது. ஆயினும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். குதிரையைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் வேரூன்ற அவருடைய வெற்றி பெரிதும் உதவியது. 1969இல் அமெரிக்காவில் இதற்கென ஒரு சங்கம் உருவானது. மனநலத்தை மையமாகக் கொண்ட 'ஈகாலா' அமைப்பு 1999இல் தொடங்கப்பட்டது.

'ஹிப்போதெரபி' என்பது வேறு. அதில் குதிரை நடக்கும்போது உண்டாகும் அசைவைக் கொண்டு நோயாளியின் தசைகளுக்கும் உடல் சமநிலைக்கும் பயிற்சி தருகிறார்கள். மனநல சிகிச்சையிலோ பெரும்பாலும் சவாரியே கிடையாது.

ஏன் குதிரை?

குதிரை வேட்டையாடும் பிராணியல்ல, வேட்டையாடப்படும் பிராணி. சுற்றியுள்ள சிறு அசைவையும் கவனித்தால்தான் அது உயிர் பிழைக்க முடியும். ஜெர்மனியில் 'ஹான்ஸ்' என்ற குதிரை, கணக்குகளுக்குக் குளம்பைத் தட்டி விடை சொல்லி எல்லோரையும் வியக்க வைத்தது. உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் அதை ஆராய்ந்து 1907இல் உண்மையை வெளியிட்டார். ஹான்ஸுக்குக் கணக்குத் தெரியாது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேள்வி கேட்டவரின் தலையில் அவரறியாமல் ஏற்பட்ட மெல்லிய அசைவைக் கண்டுதான் அது தட்டுவதை நிறுத்தியது!

இந்தக் கூர்மைதான் சிகிச்சைக்குப் பயன்படுகிறது. பதற்றத்தோடு நெருங்கினால் குதிரை காதுகளைத் திருப்பும், விலகிப்போகும். நிதானமாக நெருங்கினால் நிற்கும். அதற்கு முகஸ்துதி தெரியாது. ஒருவரின் பதவியோ கடந்த காலமோ அதற்குப் பொருட்டல்ல.

எப்படி நடக்கிறது?

ஈகாலா முறையில் தகுதி பெற்ற மனநல நிபுணரும் குதிரைகளை நன்கறிந்த ஒருவரும் சேர்ந்து இருப்பார்கள். குதிரையை அணுகுவது, கயிறு பிடித்து நடத்துவது போன்ற எளிய வேலைகள் தரப்படும். 'குதிரை ஏன் விலகியது? அப்போது உங்களுக்கு என்ன தோன்றியது?' என்பதிலிருந்து பேச்சு தொடங்கும். தன்னைப் பற்றிப் பேசத் தயங்குபவர் குதிரையைப் பற்றிப் பேசத் தொடங்கி, மெல்லத் தன் மனத்துக்கு வந்து சேர்வார். குதிரை வழி திறக்கிறது, சிகிச்சையளிப்பவர் மனிதர்தான்.

ஆய்வுகள் சொல்வதென்ன?

2014இல் 14 ஆய்வுகளைப் பரிசீலித்த உளவியலாளர்கள், இம்முறைக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்ற முடிவுக்கு வந்தனர். பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகம், மன அதிர்ச்சி நோய்க்கு ஆளான 63 முன்னாள் படைவீரர்களிடம் இதைச் சோதித்தது. வாரம் ஒருமுறை 90 நிமிடம் என 8 வாரங்கள் குழுவாகப் பயிற்சி நடந்தது. 2021இல் வெளியான முடிவின்படி ஏறத்தாழ பாதிப் பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. 3 மாதங்களுக்குப் பிறகும் அது நீடித்தது. எனினும் சிகிச்சை பெறாத வேறொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படாததால், முன்னேற்றம் முழுவதும் குதிரைகளால்தான் வந்தது என்று சொல்லிவிட முடியாது.

கவனிக்க வேண்டியவை

நம்பிக்கை தரும் துணைச் சிகிச்சை என்பதே இதற்குரிய இடம். குதிரையிடம் போகிறோம் என்று மருந்தை நிறுத்துவது ஆபத்து. செலவும் அதிகம். குதிரை ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள, எளிதில் மிரளும் பிராணி என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே பணம் கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள்: அங்கே தகுதி பெற்ற மனநல நிபுணர் இருக்கிறாரா? இல்லையென்றால் அது குதிரைப் பயிற்சியாக இருக்கலாம், சிகிச்சையாகாது.