ஃபிரிட்ஜ் பல்பை மறந்துட்ட சூசி

இன்னைக்கு முழு எபிசோடும் ஒரு நாடகத்தோட கடைசிப் பத்து நிமிஷத்தைப் பத்தித்தான்.

நியூயார்க்ல கிரீனிச் வில்லேஜ் ஏரியா. தரைமட்டத்துக்குக் கீழ ஒரு சின்ன ஃபிளாட். உள்ளே சூசி, ஒரு விபத்துல பார்வை போனவள். அவ கணவன் சாமை ஏதோ பொய் சொல்லி ஊரை விட்டு வெளியே அனுப்பியாச்சு. கொலை பண்ணத் தயங்காத ஒருத்தன் அந்த வீட்டுக்கு வந்துக்கிட்டு இருக்கான். அது சூசிக்குத் தெரியும். அவ என்ன செய்றா? வீட்ல இருக்குற ஒவ்வொரு பல்பா தேடித் தேடி உடைக்கிறா.

நாடகத்தோட பேர் 'வெயிட் அன்டில் டார்க்'. எழுதினவர் ஃபிரெடரிக் நாட். ஹிட்ச்காக் 1954-ல் படமா எடுத்த 'டயல் எம் ஃபார் மர்டர்' இருக்குல்ல, அந்த நாடகமும் இவரோடதுதான். ரொம்பக் கம்மியா எழுதினவர், ஆனா ஒவ்வொண்ணும் கடிகாரம் மாதிரி ஓடும். 'வெயிட் அன்டில் டார்க்' 1966 பிப்ரவரி 2 அன்று பிராட்வேயில ஆரம்பிச்சு 374 காட்சி ஓடிச்சு. அறுபது வருஷப் பழைய கதை, அதனால ஸ்பாய்லர் அலர்ட் எல்லாம் கிடையாது.

இப்போ உங்கள்ல சில பேர் "ப்ரோ, இது நெற்றிக்கண் மாதிரி இருக்கே"ன்னு யோசிச்சிருப்பீங்க. 2021-ல் வந்த நயன்தாரா படம் 2011 கொரியப் படமான 'பிளைண்ட்' ஓட ரீமேக். பார்வையில்லாத பொண்ணு, அவளைத் துரத்துற கொலைகாரன்னு ஒரு த்ரில்லர் வகையே இருக்கு. அந்த வகையில பல பேரும் திரும்பித் திரும்பிப் போற பழைய வீடு சூசியோட ஃபிளாட்.

அந்த பல்பு உடைக்கிற சீன் ஏன் பெரிய விஷயம்னு புரியணும்னா, அதுக்கு இருபது வருஷம் முன்னாடி போகணும்.

1943. அமெரிக்காவுல சிபிஎஸ் ரேடியோவுல 'சஸ்பென்ஸ்'னு ஒரு தொடர். அதுல லூசில் ஃபிளெட்சர் எழுதின அரை மணி நேர நாடகம், 'சாரி, ராங் நம்பர்'. படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாத ஒரு பெண். புருஷன் ஆபீசுக்கு போன் போடுறா, லைன் குழம்பி வேற ரெண்டு பேர் பேசுறது காதுல விழுது. இன்னைக்கு ராத்திரி ஒரு பெண்ணைக் கொல்லப் போறோம்னு அவங்க பேசிக்கிறாங்க. அவ ஆபரேட்டரைக் கூப்பிடுறா, போலீஸைக் கூப்பிடுறா, யாரும் காது கொடுக்கல. கொல்லப்படப் போறது தான்தான்னு அவளுக்குப் புரியுறப்போ நேரம் முடிஞ்சு போச்சு. ஆக்னஸ் மூர்ஹெட் குரல்ல வந்த அந்த நாடகம் அவ்வளவு பேசப்பட்டதால தொடர்ல பல முறை மறுபடி நடத்தினாங்க. 1948-ல் பார்பரா ஸ்டான்விக் நடிச்சு படமாகவும் வந்துச்சு. படத்துல கூடுதலா ஒரு திருப்பம்: அவளோட நோயே மனசுல இருந்து வந்ததுன்னு டாக்டர் சொல்லிடுறார். எனக்கு அது கொஞ்சம் கொடுமையா பட்டுச்சு. உயிர் போறது பத்தாதுன்னு, 'உனக்கு ஒண்ணுமே இல்லை'ன்னு வேற சொல்லிட்டாங்க.

1946. ராபர்ட் சியோட்மாக் இயக்கின 'த ஸ்பைரல் ஸ்டேர்கேஸ்'. உடல்ல ஏதாவது குறை இருக்குற பெண்களா பார்த்துக் கொல்ற ஒருத்தன். அவனோட அடுத்த குறி, சின்ன வயசு அதிர்ச்சியில பேச்சு போன ஹெலன்னு ஒரு வேலைக்காரப் பெண். ஒரு ஷாட் இருக்கு, மறக்கவே முடியாது. ஹெலன் கண்ணாடி முன்னாடி நிக்கிறா, கொலைகாரன் கண்ணு வழியா நாம அவளைப் பார்க்குறோம். அவ முகத்துல வாய் இருக்குற இடம் வெறுமையா அழிஞ்சு தெரியும். அவன் அவளை எப்படிப் பார்க்குறான்னு ஒரே ஷாட்ல சொல்லிட்டாங்க. கடைசியில அவனைச் சுடுறது படுக்கையில கிடக்குற வீட்டு மூதாட்டி. ஹெலன் அலறுறா, குரல் திரும்ப வந்துடுது. படம் சுபம்.

இந்த மாதிரி கதைகள்ல இப்படிப்பட்ட பெண்களுக்கு பெரும்பாலும் ரெண்டே வாசல்தான். ஒண்ணு, செத்துப் போகணும். இல்ல, குணமாகணும். சாப்ளினோட 'சிட்டி லைட்ஸ்' பூக்காரப் பெண்ணுக்கும் 1931-லயே ரெண்டாவது வாசல்தான் திறந்துச்சு. அப்படியே, குறையோடயே, கதையோட அடுத்த பக்கத்துக்குப் போற உரிமை அவங்களுக்குக் கிடைக்கல.

சூசி சாகல. அவளுக்குப் பார்வையும் வரல. அவ ரூமை மாத்துறா.

கதையைக் கொஞ்சம் சொல்லிடுறேன். சாம் ஒரு போட்டோகிராஃபர். யாரோ ஒரு பெண் கொடுத்த பொம்மையை, உள்ளே ஹெராயின் இருக்குறது தெரியாமலே வீட்டுக்குக் கொண்டு வந்துட்டான். அதைத் தேடி மூணு பேர் வர்றாங்க. அதுல ரோட்டுன்னு ஒருத்தன்தான் நிஜமான ஆபத்து. பார்வையில்லாதவதானே, ஏமாத்துறது சுலபம்னு ஒருத்தன் சாமோட பழைய நண்பனா நடிக்கிறான், ஒருத்தன் போலீஸா நடிக்கிறான், ரோட் ஒரே நாள்ல அப்பனாவும் பிள்ளையாவும் ரெண்டு வேஷம் போட்டு வர்றான். அவளுக்கு முன்னாடியே சைகை காட்டிக்கிறாங்க.

அவங்க போட்ட கணக்கு இவ்வளவுதான்: அவ பார்க்க மாட்டா. அவ கேட்பாங்குறதை கணக்குலயே சேர்க்கல. அப்பன், பிள்ளை ரெண்டு பேரோட நடைச் சத்தமும் ஏன் ஒண்ணா இருக்கு? போலீஸ்காரர் ஏன் பேசிக்கிட்டே பொருளை எல்லாம் துடைக்கிறார்? வர்ற ஒவ்வொருத்தனும் ஏன் ஜன்னல் பிளைண்ட்ஸைத் திறந்து திறந்து மூடுறான்? டெஸ்டிங்ல இருக்குறவங்களுக்கு இந்த மூளை பழக்கமா இருக்கும். ஒவ்வொண்ணும் தனித்தனியா சின்ன விஷயம், ஆனா சேர்த்து வச்சா எங்கயோ பெரிய பக் இருக்கு. மேல் மாடியில இருக்குற குளோரியாங்குற சின்னப் பொண்ணை வச்சு அவ அதை உறுதிப்படுத்திக்கிறா.

அப்புறம்தான் பல்புகள். வெளிச்சம் இருக்குற வரைக்கும் அந்த வீடு ரோட்டுக்குச் சாதகம். வெளிச்சம் போனா எந்த நாற்காலி எங்க இருக்கு, எத்தனை அடியில சுவர் வரும்னு தெரிஞ்ச ஒரே ஆள் சூசி. கரண்ட் போனதும் நம்ம வீட்ல எல்லாரும் 'டார்ச் எங்க, டார்ச் எங்க'ன்னு தடவுவோமே, அந்த நிலைமையில கொலைகாரனை நிறுத்திடுறா. தியேட்டர்ல உட்கார்ந்திருக்குறவங்களும் அதே நிலைமையிலதான். மேடை கும்மிருட்டு. சத்தம் மட்டும் வருது. காசு கொடுத்துப் பார்க்க வந்தவங்களால பார்க்க முடியல. இது சும்மா பயமுறுத்துற டெக்னிக் மட்டும் இல்லைன்னு நான் நினைக்கிறேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அரங்கத்துல திறமையா நடமாடக்கூடிய ஒரே ஆள் கதையில அவதான்.

1967-ல் ஆட்ரி ஹெப்பர்ன் நடிச்சு படம் வந்தப்போ, கடைசி எட்டு நிமிஷம் தியேட்டர் விளக்குகளைச் சட்டம் அனுமதிக்கிற அளவுக்குக் குறைப்போம்னு விளம்பரமே பண்ணாங்க. எக்ஸிட் பலகையை அணைக்க முடியாதுல்ல. அந்த இருட்டுல ரோட்டா நடிச்ச ஆலன் ஆர்கின் திடீர்னு பாயுற இடம், இன்னைக்குப் பார்த்தாலும் தூக்கிவாரிப் போடும்.

சரி, தலைப்புக்கு வர்றேன். எல்லா பல்பையும் உடைச்சாச்சு. ரோட் தடவித் தடவி ஒரு கதவைத் திறக்கிறான். ஃபிரிட்ஜ். உள்ளே விளக்கு. மொத்தத் திட்டமும் அங்கயே சரியுது.

அந்த பல்பு அவளுக்கு எப்படி நினைவுக்கு வரும்? விளக்கு, ஸ்விட்ச்னு பேர் வச்ச பொருள்களை அவ தேடிப் போயிட்டா. கதவைத் திறந்தா தானா எரியுற விளக்கு, பார்க்குறவனுக்கு மட்டும் செய்த வசதி. அவ வாழ்க்கையில அதுக்கு வேலையே இல்ல. இவ்வளவு நேர்மையான ஒரு எட்ஜ் கேஸை நான் எந்தக் கதையிலயும் பார்த்ததில்ல. அவ முட்டாள்தனத்தால தோக்கப் போகல. அந்த வீட்டை வடிவமைச்சவன் யாரை மனசுல வச்சு வடிவமைச்சானோ, அங்க மாட்டிக்கிறா.

இதே யோசனையை வேற இடத்துல வேற ஒருத்தர் கதையாவே எழுதினார். விக் ஃபிங்கெல்ஸ்டீன். தென்னாப்பிரிக்காவுல நிறவெறி ஆட்சியை எதிர்த்து சிறைக்குப் போனவர், வீல்சேர் பயன்படுத்தினவர், 1968-ல் பிரிட்டனுக்கு வந்தவர். அவர் 1970-களில் ஒரு கற்பனைக் கிராமம் உண்டாக்கினார். அங்க எல்லாரும் வீல்சேர்ல இருக்குறவங்க. கட்டடம் கட்டுறதும் அவங்களே. நிக்கத் தேவையில்லாத ஊர்ல உயரமான கூரை எதுக்கு? கூரையையும் கதவு நிலையையும் தணிச்சுக் கட்டிடுறாங்க. அந்த ஊருக்கு நடக்குறவங்க சில பேர் வர்றாங்க, போற இடமெல்லாம் தலை இடிபடுது. ஊர் டாக்டர்கள் பரிதாபப்பட்டு அவங்களுக்கு ஹெல்மெட் எழுதிக் கொடுக்குறாங்க. கூரையை உயர்த்துறதைப் பத்தி அந்த டாக்டர்களுக்குத் தோணல. ரெண்டு பக்கத்துல முடிஞ்சுடும், ஆனா பல ஸ்பெகுலேட்டிவ் சீரீஸைவிட எனக்கு இது பிடிச்சிருக்கு.

1976-ல் அவர் இருந்த 'யூபியாஸ்'ங்குற அமைப்பு இதைக் கொள்கையாவே எழுதிச்சு. உடம்புல இருக்குற குறை வேற, அந்தக் குறையோட இருக்குறவங்களைச் சமூகம் முடக்குறது வேற. 1983-ல் மைக் ஆலிவர் இதுக்கு 'சோஷியல் மாடல்'னு பேர் வச்சார். ஃபிரெடரிக் நாட்டோட மனசுல இந்தக் கொள்கை எல்லாம் இருந்திருக்கும்னு நான் நம்பல. அவர் த்ரில்லர் எழுதினார், அவ்வளவுதான். ஆனா ரூமை மாத்தினா யார் முடங்குறாங்கங்குறது மாறும்னு 1966-லயே மேடையில நடந்து காட்டியாச்சு.

நாடகத்துல எனக்கு ஒத்துவராத விஷயமும் இருக்கு. சாம் சூசியைக் கிட்டத்தட்ட ட்ரெயினிங் கேம்ப் மாதிரி நடத்துறான். எல்லாத்தையும் தானே செய்யணும், எல்லாத்துலயும் ஜெயிக்கணும். கதையும் அதையே கேட்குது: உயிரோட இருக்கணும்னா அசாதாரணமா இருந்து காட்டு. சுமாரான புத்தி உள்ள, பயந்து உறைஞ்சு போற ஒரு பார்வையற்ற பெண்ணுக்கு அந்த ஃபிளாட்ல என்ன நடந்திருக்கும்?

அதைவிடப் பெரிய கேள்வி, சூசியா நடிச்சது யார்ங்குறது. பிராட்வேயில லீ ரெமிக். லண்டன்ல ஹானர் பிளாக்மன். படத்துல ஹெப்பர்ன், நியூயார்க்ல பார்வையற்றோருக்கான லைட்ஹவுஸ்ல பயிற்சி எடுத்துக்கிட்டு நடிச்சாங்க, ஆஸ்கர் நாமினேஷனும் வந்துச்சு. 1998-ல் பிராட்வேக்கு மறுபடி வந்தப்போ மரிசா டோமெய், ரோட்டா டாரன்டினோ. ஆமா, நம்ம குவென்டின் டாரன்டினோவேதான். விமர்சகர்கள் அவரைக் கிழிச்சுத் தொங்க விட்டாங்க, அதை விடுவோம். இவங்க எல்லாருக்கும் கண் தெரியும். இருட்டுல யார் திறமையானவள்னு காட்டுற நாடகத்துக்கு, இருட்டுல பழகின ஒருத்தரைக் கூப்பிடல.

"அப்படி நடிகைகள் கிடைக்கணுமே"ன்னு ஒரு பதில் எப்பவும் ரெடியா இருக்கும். 1980-ல் 'சில்ட்ரன் ஆஃப் எ லெஸ்ஸர் காட்' பிராட்வே வந்துச்சு. மார்க் மெடாஃப் காது கேளாத நடிகை ஃபிலிஸ் ஃபிரெலிச்சைச் சந்திச்ச பிறகு அவங்களுக்காகவே எழுதின நாடகம். அந்த வருஷமே அவங்களுக்கு சிறந்த நடிகைக்கான டோனி விருது. ஆள் இருந்தாங்க. அவங்களை மனசுல வச்சு எழுதுறவர்தான் தேவைப்பட்டார்.

சூசிக்கும் ஒரு நாள் அது நடந்துச்சு. 2017-ல் பிரிட்டன்ல ஒரிஜினல் தியேட்டர் கம்பெனி ஊர் ஊராப் போட்ட டூர்ல, பார்வைக் குறைபாடு உள்ள காரினா ஜோன்ஸ் சூசியா நடிச்சாங்க. முதல் மேடையேற்றத்துக்கும் அதுக்கும் நடுவுல 51 வருஷம்.

இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாவே இருக்கு. நான் வேலை செஞ்ச ஒரு டீம்ல, ஸ்கிரீன் ரீடர்ல ஒரு பட்டன் படிக்கலைன்னு ஒரு டிக்கெட் இருந்துச்சு. அது ஒவ்வொரு ஸ்பிரின்ட்லயும் அடுத்த ஸ்பிரின்ட்டுக்குப் போயிக்கிட்டே இருந்துச்சு. தள்ளி விட்டவங்கள்ல நானும் ஒருத்தன். ஃபிரிட்ஜ் பல்பை நான் எந்தப் பக்கத்துல நின்னு மாட்டினேன்னு இப்போ தெரியுது.

கடைசியா ஒண்ணு. 2019 டோனி விருது விழா, நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹால். 'ஓக்லஹோமா!'வுக்காக சிறந்த துணை நடிகை விருது அலி ஸ்ட்ரோக்கருக்கு. வீல்சேர்ல இருக்குற ஒரு நடிகருக்கு டோனி கிடைச்சது அதுதான் முதல் தடவை. பேர் சொன்னதும் மத்தவங்க எல்லாம் பார்வையாளர் சீட்ல இருந்து எழுந்து, படி ஏறி மேடைக்குப் போனாங்க. சீட்ல இருந்து மேடைக்கு சாய்தளம் இல்லாததால ஸ்ட்ரோக்கர் மட்டும் முன்கூட்டியே மேடைக்குப் பின்னாடி போய்க் காத்திருந்தாங்க, பேர் சொன்னதும் அங்கிருந்து வந்து விருதை வாங்கிக்கிட்டாங்க.

'சாரி, ராங் நம்பர்' ரேடியோ பதிவு நெட்ல தேடினா கிடைக்கும், அரை மணி நேரம்தான். இன்னைக்கு ராத்திரி விளக்கை அணைச்சுட்டு, ஹெட்போன் போட்டுக் கேளுங்க. கேட்டுட்டு, அந்தப் பெண்ணுக்கு வேற என்ன முடிவு எழுதியிருக்கலாம்னு எனக்கு அனுப்புங்க. குணமாகுறது மட்டும் வேண்டாம்.