குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் தண்டனையை ஏற்றவர் மேல்முறையீடு செய்ய இயலுமா? அமெரிக்கச் சட்டம் கூறுவது என்ன?

அமெரிக்க நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவர், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 'எதிர்வாதம் செய்யவில்லை' என்று பதிலளிக்க இயலும். இது 'நோ கன்டெஸ்ட்' எனப்படுகிறது. கூட்டாட்சி நீதிமன்றங்களில் இதற்கு நீதிபதியின் இசைவு கட்டாயம்.

அந்நாட்டின் துணை அதிபராக இருந்த ஸ்பைரோ அக்னியூ, வருமான வரி ஏய்ப்பு வழக்கில் 1973 அக்டோபர் 10ஆம் தேதி இவ்வாறு பதிலளித்துப் பதவி விலகினார். அவருக்கு 10,000 டாலர் அபராதமும் 3 ஆண்டு நன்னடத்தைக் காலமும் விதிக்கப்பட்டன.

பயன் என்ன?

இப்பதிலைப் பின்னர் தொடரப்படும் சிவில் வழக்கில் அவருக்கு எதிரான சான்றாகப் பொதுவாகப் பயன்படுத்த இயலாது. ஆனால், குற்றவியல் வழக்கில் ஒப்புதல் அளித்தவரைப் போலவே இவரும் தண்டிக்கப்படுவார்.

மூடப்படும் வாயில்

சாட்சிகள் விசாரிக்கப்படாததால், 'ஆதாரம் போதவில்லை' என மேல்முறையீட்டில் வாதிட இயலாது. எனினும், பதில் மிரட்டலின்றி, விளைவுகளை அறிந்து அளிக்கப்பட்டதா, நீதிமன்றத்துக்கு விசாரணை வரம்பு இருந்ததா, தண்டனை சட்டப்படியானதா என்பன போன்ற கேள்விகளை எழுப்பலாம்.

குற்றத்தை ஒப்புக்கொண்டது மட்டுமே, தண்டனைக்கு அடிப்படையான சட்டத்தின் அரசியல் சாசனத் தகுதியை எதிர்ப்பதற்குத் தடையாகாது என 2018ஆம் ஆண்டு 'கிளாஸ் எதிர் அமெரிக்கா' வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

நிபந்தனையும் காலக்கெடுவும்

கூட்டாட்சி நீதிமன்றங்களில், நீதிமன்றம் மற்றும் அரசுத் தரப்பின் இசைவுடன், குறிப்பிட்ட இடைக்கால உத்தரவை எதிர்க்கும் உரிமையை எழுத்து மூலம் தக்கவைத்துக் கொள்ளலாம். மேல்முறையீட்டில் வென்றால் பதிலைத் திரும்பப் பெறலாம். மேல்முறையீட்டு அறிவிப்பைத் தீர்ப்பு பதிவான 14 நாள்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

கலிஃபோர்னியாவில் கடுங்குற்ற வழக்குகளுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. அங்கு பதிலின் செல்லுபடித்தன்மையை எதிர்க்க, தகுந்த முகாந்திரம் உள்ளதாக விசாரணை நீதிமன்றம் சான்றளிக்க வேண்டும். தண்டனை அளவு குறித்த சில கேள்விகளுக்கும், சட்டவிரோதச் சோதனை குறித்த முறையீட்டுக்கும் இச்சான்று தேவையில்லை.

வெளிநாட்டவருக்கு எச்சரிக்கை

குடியேற்றச் சட்டத்தின்படி 'நோ கன்டெஸ்ட்' பதிலும் குற்றத்தீர்ப்பாகவே கருதப்படும். எனவே, அமெரிக்காவில் வசிக்கும் இந்தியர் உள்ளிட்ட வெளிநாட்டவர் நாடு கடத்தப்படும் நிலை ஏற்படலாம். இந்த அபாயத்தை வழக்குரைஞர் எடுத்துரைக்க வேண்டும் என்பது 2010ஆம் ஆண்டின் 'பதில்லா எதிர் கென்டக்கி' தீர்ப்பு.

இந்தியாவில்

இந்தியச் சட்டத்தில் இத்தகைய மூன்றாவது பதிலுக்கு இடமில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு அமர்வு நீதிமன்றத்திலோ முதல் வகுப்பு நடுவர் நீதிமன்றத்திலோ தண்டிக்கப்பட்டவர், தண்டனையின் அளவு அல்லது சட்டத்தன்மை குறித்து மட்டுமே மேல்முறையீடு செய்யலாம் என பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 416ஆவது பிரிவு கூறுகிறது.